கேட் போர்டில் ஏன் பூட்டு? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம். பாயான் லெப்பாஸ் பக்கத்துத் தாமான்களிலும் (குடியிருப்புகளிலும்) கடல் தாண்டி பட்டர்வொர்த், பிறையிலும் எங்கள் ஆட்டோகேட் போர்டை, அதாவது கேட் மோட்டாரை இயக்கும் மின்பலகையை, மாட்டியிருக்கும் எல்லாருக்கும் இந்த மடல்.

கொஞ்ச நாளாக வாட்சாப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது, உங்களுக்கும் வந்திருக்கும். புது போர்டைப் பூட்டி வைத்து, வேறு ஆள் கை வைக்க முடியாமல் செய்து, ஒரு ரிமோட் சேர்க்கக்கூட எங்களையே கூப்பிட வைத்துக் காசு பிடுங்குகிறோமாம். விலை கூடுதல் என்று சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். காசு பிடுங்கத்தான் பூட்டினோம் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்தப் பூட்டு வயர்மேனைத் தடுக்க வைத்தது இல்லை. போர்டில் ஓடும் நிரலே தடுமாறி செட்டிங்கை அழித்துவிடாமல் இருக்க வைத்தது. கேட் எந்த இடத்தில் நிற்க வேண்டும், எவ்வளவு விசையில் தள்ள வேண்டும், குறுக்கே ஒரு பிள்ளை நின்றால் எந்த அளவில் மோட்டார் நின்றாக வேண்டும், இதெல்லாம் சில எண்களாகத்தான் உள்ளே இருக்கின்றன. பேட்டரி பலவீனமாக இருக்கும்போது மோட்டார் இழுத்தாலோ, நம்ம ஊர் மத்தியான மின்னல் பக்கத்தில் இறங்கினாலோ, சிப்புக்குப் போகும் வோல்ட் ஒரு நொடி சரியும், நிரல் பாதை மாறி எங்கோ குதிக்கும், குதித்த இடம் செட்டிங்கை எழுதும் பகுதியாக இருந்தால் அந்த விசை எண் கண்டபடி மாறிவிடும். கேட் நிற்காது.

பழைய போர்டில் காவலே இல்லை என்று நினைக்காதீர்கள். அதில் இருக்கும் ஏடிமெகா 328பி சிப்பு தன் ஈஈப்ராமில் (கரண்ட் போனாலும் அழியாத உள் மெமரியில்) சும்மா எழுத விடாது. முதலில் அனுமதி பிட்டை (சிப்புக்குள் இருக்கும் ஒரு சின்ன சுவிட்ச் மாதிரி) ஏற்ற வேண்டும், அடுத்த நான்கு கிளாக் சுழற்சிக்குள், அதாவது சிப்பின் நான்கு துடிப்புக்குள், எழுதும் பிட்டை ஏற்ற வேண்டும், தாமதித்தால் எழுதாது. வோல்ட் 4.3 பக்கம் இறங்கினாலே சிப்பு நிரலை ஓட்டாமல் ரீசெட்டில் நிற்கும்படி ஃப்யூஸ் பிட்டும் (வெளியிலிருந்து சிப்பில் பதிக்கும் அமைப்பு) வைத்திருக்கிறோம், ஓடும் நிரலால் அதை மாற்றவே முடியாது. ஆனால் தடம் மாறிய நிரல் சரியாக அந்த இரண்டு படிகளுக்கு முன்னால் போய் விழுந்தால் இரண்டையும் ஒழுங்காகச் செய்து எழுதிவிடுமே, அதற்கு மென்பொருள் பூட்டு மட்டும் போதாது. அதனால்தான் புது போர்டில் செட்டிங்கை 24எல்சி வகை தனி மெமரி சிப்பில் வைத்தோம். அதில் எழுதுவதைத் தடுக்கவென்றே ஒரு கால் உண்டு. அந்தக் காலுக்கு மின்சாரம் இருக்கும்வரை சிப்பைப் படிக்கலாம், எழுத முடியாது, நிரல் தலைகீழாக நின்றாலும் முடியாது. ஜம்பரை, அதாவது இரண்டு ஊசிகளை இணைக்கும் சின்ன மூடியை, மாட்டினால்தான் அந்தப் பூட்டு திறக்கும்.

அந்த ஜம்பரை யார் வேண்டுமானாலும் மாட்டலாம்! மூடியின் உள்பக்கத்தில் படமே ஒட்டியிருக்கிறது. எங்கள் நிரலை நகலெடுக்க முடியாதபடி லாக் பிட் (நிரலை வெளியே படிக்க விடாத இன்னொரு பூட்டு) போட்டிருப்பது உண்மைதான், அது எங்கள் உழைப்பு. அதுவும்கூட சிப்பை முழுக்க அழித்தால் விலகிவிடும், வேண்டியவர் தன் நிரலை ஏற்றிக்கொள்ளலாம். போர்டு உங்களுடையது.

குழுவில் எங்களுக்காகப் பேசியவர்களுக்கும், ஃபெரி ஏறி வந்து "நீங்க கவலைப்படாதீங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போன அக்காவுக்கும், அப்பா காலத்திலிருந்து எங்களிடமே வாங்கும் குடும்பங்களுக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் இல்லாமல் இந்தக் கடை இல்லை.

பழைய போர்டை மாற்ற 45 வெள்ளி ஆகும், வீட்டுக்கு வரும் செலவு தனி.

அப்புறம் ஒன்று, யாரை வைத்து ரிமோட் சேர்த்தாலும் சரி, வேலை முடிந்ததும் ஜம்பரைக் கழற்றச் சொல்லுங்கள். மாட்டியபடியே விட்டால் காவல் இல்லை. சந்தேகம் இருந்தால் மூடியைத் திறந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன், அதற்குக் காசு கிடையாது.

அன்புடன்,
உங்கள் கேட் போர்டு கடைக்காரர், பினாங்கு