வரலாற்று வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

பொங்கல் கூடுகையும் நூல் பரிமாற்ற நாளும் வழக்கம்போல் நடந்தன. ஒலிபெருக்கி பழுது பார்க்கப்பட்டது.

இவ்வாண்டின் பெரும்பணி, துருக்கியை ஆண்ட உஸ்மானியர், ஈரானை ஆண்ட சஃபாவியர், முகலாயர் பற்றிய மாதாந்தரத் தொடர். "துருக்கிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று செயற்குழுவிலேயே கேட்கப்பட்டதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1514இல் சால்திரான் போரில் உஸ்மானிய சுல்தான் செலீமின் பீரங்கிகள் சஃபாவிய அரசர் ஷா இஸ்மாயீலின் குதிரைப்படையைச் சிதறடித்தன. 1526இல் பானிபட்டில் வண்டிகளைத் தோல்கயிற்றால் பிணைத்து அரண் கட்டிய பாபர், அது ரூம் நாட்டு, அதாவது உஸ்மானிய முறை என்று தாமே எழுதி வைத்திருக்கிறார்.

இந்த மூன்று பேரரசுகளின் கதையைப் பீரங்கியோடு முடித்துக்கொள்வோர் உண்டு. தொடர் முழுக்க நான் வலியுறுத்தியது சம்பளத்தை. உஸ்மானியக் குதிரை வீரனுக்குக் கூலி, ஒரு பகுதியின் வரிவசூல்; அதற்குத் திமார் என்று பெயர். துப்பாக்கிக் காலாட்படை பெருகியதும் ரொக்கம் தேவைப்பட்டது. வரிவசூல் குத்தகைக்குப் போயிற்று, 1695இல் ஆயுள் குத்தகையாகவே ஆயிற்று. சஃபாவிய அரசர் ஷா அப்பாஸ், கிசில்பாஷ் எனப்பட்ட துருக்மேனியப் படைக்குடித் தலைவர்களை அடக்க ஜார்ஜியரையும் சர்க்காசியரையும் ஆர்மீனியரையும் கொண்டு தனிப்படை கட்டினார். அதற்குச் சம்பளம் கொடுக்க மாகாணங்களை நேரடி அரச நிலமாக்கினார். ஔரங்கசீப் பீஜப்பூரையும் (1686) கோல்கொண்டாவையும் (1687) பிடித்த பிறகு, புதிதாகச் சேர்ந்த தக்காணத்துப் பிரபுக்களுக்குக் கொடுக்க நல்ல ஜாகீர், அதாவது சம்பளத்துக்குப் பதிலாகத் தரும் வரிவசூல் உரிமை, போதவில்லை. ஏட்டில் இருந்த வருமானம் கைக்கு வரவில்லை.

நம் சந்தாப் பதிவேடும் அப்படித்தான் இருக்கிறது. பெயர்கள் நிறைய, ரசீதுகள் குறைவு. சிலர் ஆண்டு முழுதும் கூட்டத்துக்கு வராமல், வாட்ஸப்பில் மட்டும் தலைப்பைக் குறை சொன்னார்கள்.

"என்ன சம்பந்தம்?" என்ற கேள்விக்கு விடையாகவே செஞ்சிப் பயணத்தை ஏற்பாடு செய்தேன். 1690 முதல் 1698 வரை முகலாயத் தளபதி சுல்பிகார் கான் முற்றுகையிட்ட கோட்டை அது. உள்ளே இருந்த மராட்டிய அரசர் ராஜாராம் தப்பிப் போன பிறகே அது சுல்பிகார் கான் கைக்கு வந்தது. ஆற்காட்டு நவாப் வரிசையும் அவரிலிருந்துதான் தொடங்குகிறது. பெயர் கொடுத்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அன்று காலை போனை எடுக்கவில்லை. ஆள் குறைந்தாலும் வேன் வாடகை குறையாது. வந்தவர்கள் ராஜகிரி உச்சிவரை ஏறினார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கடன் இல்லை, கையிருப்பு என்று சொல்லிக்கொள்ளவும் ஒன்றுமில்லை. மண்டபம் தந்தவருக்கும் தேநீர் தந்த கடைக்காரருக்கும் தணிக்கையாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு 1722இல் சஃபாவியத் தலைநகர் இஸ்ஃபஹான் ஆப்கானியரிடம் வீழ்ந்ததையும், 1739இல் ஈரானிய அரசர் நாதிர் ஷா தில்லியைச் சூறையாடியதையும் எடுத்துக்கொள்ள எண்ணம். வெளியூர்ப் பேச்சாளரை அழைத்தால் ரயில் கட்டணமாவது நாம் கொடுக்க வேண்டும். செயலாளர் பொறுப்பை வேறு யாரேனும் ஏற்க முன்வந்தால் எனக்கு வருத்தமில்லை. இதுவரை எவரும் கேட்கவில்லை. நிலுவை வைத்திருப்போரின் பட்டியலை இங்கே வாசிக்கப் போவதில்லை. ரசீதுப் புத்தகத்தோடு பொருளாளர் வாசலருகே உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்