கோர்ஃப் கோட்டைக்கு மணியோடு போய்வந்தோம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் இங்கு நலம். நீங்களும் அப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தொலைபேசியில் பேசியபோது, "இடிந்த சுவரைப் பார்க்கவா உங்கள் நாய் மணியையும் கூட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போனீர்கள்?" என்று கேட்டீர்கள். பேச்சில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

நாங்கள் போனது இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் பகுதியில் உள்ள கோர்ஃப் கோட்டைக்கு. பர்பெக் குன்றுத் தொடர் ஓரிடத்தில் அறுபட்டு வழி விடுகிறது. அந்த வழியைக் காவல் காப்பதற்கென்றே அமைந்ததுபோல நடுவில் 55 மீட்டர் உயரத்தில் ஒரு தனிக் குன்று நிற்கிறது. அதன் உச்சியில்தான், மன்னர் முதலாம் ஹென்றியின் காலத்தில் கட்டி முடித்த 21 மீட்டர் உயரக் கோபுரத்தின் மிச்சம் இருக்கிறது. பக்கத்திலுள்ள நோர்டன் ரயில் நிலையத்தில் காரை நிறுத்திவிட்டு அங்கிருந்து நீராவி ரயிலில் போனோம். 1972இல் மூடித் தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்ட இந்தப் பாதையைத் தன்னார்வலர்கள் சிறிது சிறிதாக மீட்டு, 1995இல் நோர்டன்வரை மறுபடி ரயில் ஓடச் செய்திருக்கிறார்கள். நாய்களுக்கும் இடமுண்டு. எஞ்சின் ஊதியபோது மட்டும் மணி காதுகளை மடக்கிக்கொண்டு என் கால்களுக்கிடையே புகுந்துகொண்டான்.

கோட்டைக்குள்ளும் நாய்களை அனுமதிக்கிறார்கள். வாரைக் குட்டையாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், கழிவை நாமே பையில் எடுத்து அப்புறப்படுத்த வேண்டும், அவ்வளவுதான். வெளியிடங்களில் நாயின் கழுத்துப்பட்டையில் வளர்ப்பவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். 2016 முதல் தோலுக்கடியில் மைக்ரோசிப்பும் கட்டாயம். இந்தக் கண்டிப்பு இருப்பதால்தான் இத்தனை பழைய இடத்திலும் நாயை நம்பி உள்ளே விடுகிறார்கள் என்று எனக்குப் படுகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தனியாகப் போனால் யாரும் முகம் கொடுத்துப் பேசாத இந்த நாட்டில், மணியோடு போனால் எதிரில் வருகிறவர்கள் எல்லாம் நின்று, முதலில் அவனிடமும் பிறகு எங்களிடமும் பேசுகிறார்கள். வந்த புதிதில் நான் ஏங்கிய பேச்சு இது.

இப்போது அந்த இடிந்த சுவருக்கு வருகிறேன். அது காலத்தால் இடிந்ததல்ல, அம்மா, திட்டமிட்டு இடித்தது. 1640களில் இங்கே மன்னர் பக்கமும் நாடாளுமன்றப் பக்கமும் உள்நாட்டுப் போரில் மோதிக்கொண்டபோது, கோட்டைக்கு உரிமையாளரான சர் ஜான் பேங்க்ஸ் மன்னரோடு இருந்தார். கோட்டையைக் காக்கும் பொறுப்பு அவர் மனைவி மேரிமீது விழுந்தது. 1643இல் எதிரிகள் வாரக்கணக்கில் முற்றுகையிட்டு ஏணி வைத்து ஏறியபோது, அந்த அம்மாள் தன் மகள்களோடும் பணிப்பெண்களோடும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில வீரர்களோடும் மேல்தளத்திலிருந்து கற்களையும் தணலையும் கொட்டித் தடுத்தார். மறுவருடம் கணவர் இறந்தார். அதன் பிறகும் அவர் கோட்டையை விட்டுக்கொடுக்கவில்லை. 1646இல் உள்ளேயிருந்த அதிகாரி ஒருவரே துரோகம் செய்து, உதவிப் படை என்று சொல்லி எதிரி வீரர்களை உள்ளே விட்ட பிறகுதான் கோட்டை வீழ்ந்தது. இனி யாரும் இதை அரணாக்கிவிடக் கூடாது என்று நாடாளுமன்றம் தீர்மானித்து, சுவர்களின் அடியைத் தோண்டி வெடிமருந்து வைத்துத் தகர்த்தது.

தகர்த்த விதம் கல்லிலேயே தெரிகிறது. உள்வாயிலின் வளைவு நெடுக்காகப் பிளந்து, ஒரு பாதி சரிவில் வழுக்கிக் கீழே இறங்கியிருக்கிறது. இறங்கிய பாதி உடையாமல் அப்படியே நிமிர்ந்து நிற்பதுதான் வியப்பு. இரும்புக் கதவு மேலும் கீழும் ஓடிய பள்ளம் சுவரில் இருக்கிறது; அதில் கை வைத்துப் பார்த்தேன், விளிம்பு இன்னும் மழுங்கவில்லை. அதே பள்ளத்தின் அடியில் மணி மூக்கை நுழைத்து, நகர மறுத்து நெடுநேரம் முகர்ந்துகொண்டிருந்தான். அவன் நின்ற நேரமெல்லாம் எங்களுக்கும் நின்று பார்க்கக் கிடைத்தது. மேலே ஏற ஏறக் காற்று ஆளைத் தள்ளியது. உச்சியில் வெடித்துச் சாய்ந்த சுவர்த்துண்டுகள் அறை அளவுக்குக் கிடக்கின்றன. அவற்றின் பொந்துகளில் காக்கை இனத்துப் பறவைகள் குடியிருக்கின்றன, மணிக்கு அவற்றின்மேல்தான் கண். கீழே கிராமத்து வீடுகள் அதே சாம்பல் நிறக் கல்லில் தெரிந்தன. தகர்த்த கோட்டையின் கற்களை ஊரார் எடுத்துப்போய்த் தங்கள் வீடுகளுக்குப் பயன்படுத்திக்கொண்டார்களாம்.

மேரி பேங்க்ஸின் துணிவை மதித்து, வென்றவர்களே கோட்டைச் சாவிகளை அவரிடம் கொடுத்தனுப்பினார்கள் என்று சொல்கிறார்கள். அந்தச் சாவிகள், அவர் குடும்பத்தார் பிறகு கட்டிய கிங்ஸ்டன் லேசி மாளிகையில் இன்றும் தொங்குகின்றன. பூட்டுவதற்குக் கதவே இல்லாத சாவிகளை அந்தக் குடும்பம் 1980களில் சொத்து முழுவதையும், பழைய இடங்களைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதிவைக்கும்வரை பத்திரமாக வைத்திருந்தது. கோட்டையைப் பார்த்துவிட்டதால் எனக்கு அவற்றையும் பார்த்தாக வேண்டும் என்றிருக்கிறது.

கோடையில் நீங்கள் வரும்போது இரண்டு இடங்களுக்கும் போவோம். கோட்டைக்கு ஏறும் வழி சரிவுதான். உங்கள் முழங்காலுக்கு உச்சி வேண்டாம், உள்வாயில்வரை மெதுவாகப் போகலாம். மாளிகைக்குள் நாய்களை விடமாட்டார்கள், ஆகவே நீங்கள் மாப்பிள்ளையோடு உள்ளே போய்ப் பாருங்கள். நான் மணியோடு வெளியில் இருந்துவிட்டு அடுத்ததாகப் போகிறேன். காற்றுக்குத் தடித்த சால்வை ஒன்றை மறக்காமல் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்