16 அடிக் குமிழ்

அண்ணா,

நாம் ஏன் பேசுவதில்லை என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். பெரியம்மா வீட்டாரும் இதை வாசிப்பார்கள் என்பதால் அதை இங்கே எழுதவில்லை.

இன்றைக்கு பெப்ரவரி 27. பிரெஞ்சு இசையமைப்பாளர் மெசியானின் ஓர்கன் படைப்பு 'ஆண்டவரின் பிறப்பு' 1936இல் பாரிஸ் த்ரினித்தே கோயிலில் முதன்முதல் ஒலித்த நாள் என்றுதானே உங்கள் கச்சேரிக்கும் இதே நாளைப் பிடித்தீர்கள்? அன்றைக்கு மூன்று பேர் பகிர்ந்து வாசித்த ஒன்பது பகுதிகளையும் நீங்கள் தனியாக வாசித்தீர்கள். எனக்கு அதில் இன்னும் பெருமைதான்.

எட்டாவதான 'ஞானிகள்' தொடங்குமுன் பெடலின், அதாவது கால்கட்டைகளின், 16 அடிக் குழாய்களைத் திறந்து அடிக்குரல் தரும் குமிழை நான் உள்ளே தள்ளி அடைத்திருக்க வேண்டும். தள்ளவில்லை. கைகள் ஒட்டக நடையாய் விட்டுவிட்டு அடிவைக்க, 4 அடிக் குழாயில் மேலே மிதக்க வேண்டிய கால்களின் பாட்டு, அடியில் கிடந்து உறுமியது. நீங்கள் நிறுத்தவில்லை. ஒரே ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தீர்கள்.

பிழை என்னுடையது. மன்னியுங்கள். ஆனால் அன்று காலையில் எந்தக் குமிழை எப்போது இழுப்பது, தள்ளுவது என்ற ஸ்டாப் குறிப்புகளையெல்லாம் அழித்துப் புதிதாய் எழுதியது யார்? குமிழ்களைத் தானே மாற்றும் நினைவுப் பொத்தான் ஒன்றுகூட இல்லாத பழைய ஓர்கன் அது. இரண்டு பக்கமும் நான் ஒருத்தியே ஓடினேன். கைதட்டல் வந்தபோது என் பக்கம் கையைக்கூடக் காட்டவில்லை நீங்கள். அப்புறம் அப்பாவிடம் போய்ச் சொன்னீர்களே... சரி, விடுகிறேன்.

அப்பாவை நினைத்தால் குசினி மேசைதான் ஞாபகம் வருகிறது. மெசியான் ராகவர்த்தனம் என்ற தாளத்தை சார்ங்கதேவரின் பழைய இசை நூலான சங்கீத ரத்னாகரத்திலிருந்து எடுத்தார் என்று நீங்கள் சொன்னதும், அப்பா சாப்பாட்டை விட்டுவிட்டுத் தொடையில் தட்டத் தொடங்கினார். இடையில் ஒட்டிக்கொள்ளும் அந்தக் குட்டி மாத்திரையில் ஒவ்வொரு தடவையும் தடுக்கினார். மூன்று பேரும் கண்ணீர் வரச் சிரித்தோம். கறி ஆறிப்போனது.

இரண்டு வருடமாய் 'ஞானிகளை' நானே பழகினேன். இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் பங்குக் கோயிலில் வாசிக்கப்போகிறேன். மற்ற எட்டுக்கும் நான் ஆசைப்படவில்லை, அவை உங்களுடையவை.

இங்கே 16 அடிக் குமிழ் இடது பக்கம், கீழ்வரிசையில் மூன்றாவது. அதைத் தள்ள இன்னும் யாரையும் கேட்கவில்லை.

தங்கச்சி