ஊருணிக் கரைக்கு ஒரு ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிவகங்கை மாவட்டத்தில், செட்டிநாட்டு ஊர் ஒன்றில், ஊருணியின் தென்கரையில் குடியிருக்கிறேன். எங்கள் அப்பா இந்தக் கரையில்தான் சைக்கிள் கடை வைத்திருந்தார், நான் பிறந்ததும் நீச்சல் பழகியதும் பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்ததும் எல்லாம் இங்கேதான். ஊர்ப் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் காரைக்குடியைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும் இதே கதையைச் சொல்ல ஒருவராவது இருப்பார்.

நான்கு வருடத்துக்கு முன்பு எங்கள் ஊருணியை அழகுபடுத்தினார்கள். சுற்றிலும் பேவர் பிளாக் நடைபாதை, எவர்சில்வர் கம்பித் தடுப்பு, பன்னிரண்டு சோலார் விளக்கு, உடற்பயிற்சிக் கருவிகள், சிமெண்ட் பெஞ்சுகள், திறப்பு விழாக் கல்வெட்டு. அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. சாயங்காலம் ஆனால் பெண்கள் கூட்டமாக நடக்க வந்தார்கள், அதுவரை திண்ணையைத் தாண்டாத பெரியவர்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள்.

இன்றைக்கு அந்தப் பன்னிரண்டு விளக்கில் மூன்று எரிகிறது. கம்பித் தடுப்பில் இரண்டு துண்டைக் காணோம். வடகிழக்கு மூலையில், மழைத்தண்ணீரைக் கொண்டுவருகிற வரத்துக்கால் உள்ளே நுழைகிற இடத்தில், நடைபாதை ஒரு முழம் உள்வாங்கிக் கிடக்கிறது. மழைத்தண்ணீர் கல்லுக்கு அடியில் புகுந்து மண்ணை அரித்துக்கொண்டு போகிறது, மேலே பார்த்தால் கல் ஒழுங்காக இருப்பதுபோலத்தான் தெரியும், கால் வைத்தால் ஆடும். போன மாதம் விடியற்காலையில் பால் வாங்கப் போன ஒரு அம்மா அங்கே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அப்புறம் யாரோ ஒரு முள்மரக் கிளையை வெட்டி அந்த இடத்தில் போட்டுவைத்தார்கள். இதுவரை நடந்த பராமரிப்பு அந்த முள்கிளை மட்டும்தான்.

அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். வேலை முடிந்து கணக்கு முடித்தாயிற்று, ஒப்பந்ததாரரின் பொறுப்புக் காலமும் தாண்டிவிட்டது, இனிமேல் புதிதாக மதிப்பீடு தயாரித்து அனுப்பி நிதி வந்தால்தான் என்றார்கள். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. கட்டுவதற்கு நிதி ஒதுக்கிய திட்டத்தில் காப்பாற்றுவதற்கு ஒரு ரூபாய் எழுதப்படவில்லை. விளக்கின் பேட்டரி சில வருடத்தில் செத்துப்போகும் என்று மாட்டுகிற அன்றைக்கே எல்லாருக்கும் தெரியும், அதை மாற்றுகிற காசு யார் கையில் இருக்கிறது என்று மட்டும் யாருக்கும் தெரியாது. நான் இந்தக் கடிதம் எழுதுவதே இதற்காகத்தான்.

செட்டிநாட்டு ஊர்களைக் கோடு போட்டுத்தான் கட்டினார்கள். நேர்நேரான தெருக்கள், முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறக்கிற வீடுகள், ஊரிலேயே பள்ளமான இடத்தில் ஊருணி. 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தபோது நாங்கள் எல்லாரும் பர்மா தேக்குத் தூணையும் ஆத்தங்குடித் தரைக்கல்லையும் பற்றித்தான் பெருமையாகப் பேசினோம். ஆனால் இந்த வீடுகள் தண்ணீரை எப்படிக் கையாண்டன என்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். ஓட்டுக் கூரையிலிருந்து வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில், விழுகிற மழையை அண்டாவிலும் குண்டாவிலும் பிடித்ததுபோக, மிச்சம் வளவுக்கு அடியில் போகிற வாய்க்கால் வழியாகத் தெருவுக்கு வரும், தெரு வாட்டம் அதை ஊருணிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கூரைப் பரப்பு பத்தாயிரம் சதுர அடி இருக்கிற ஒரு வீட்டில் ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 46 ஆயிரம் லிட்டர் தண்ணீர் கிடைக்கும். ஒரே ஒரு வீட்டுக் கணக்கு இது. ஊருணி நிறைந்தால் சுற்றுவட்டாரக் கிணறு எல்லாம் ஊறும். ஆக வீடு, தெரு, வாய்க்கால், ஊருணி எல்லாம் சேர்ந்து ஒரே கட்டுமானம். நாம் கரையை மட்டும் அழகுபடுத்திவிட்டு, மற்றதை எல்லாம் வேறு வேறு ஆபீசுக்குப் பங்குபோட்டுக் கொடுத்துவிட்டோம்.

இந்தப் பங்கு எப்படி என்றும் சொல்கிறேன். எங்கள் ஊருணி பேரூராட்சிக்குச் சொந்தம். வரத்துக்கால் தொடங்குகிற இடம் பக்கத்து ஊராட்சியில் இருக்கிறது. நடுவில் அது நெடுஞ்சாலைத் துறையின் ரோட்டுக்கு அடியில் ஒரு சிறிய பாலம் வழியாக வருகிறது. மேற்குக் கரையில் இருக்கிற படித்துறை கோவிலுக்குச் சொந்தம். பாலம் அடைத்துக்கொண்டால் ஒருவரைப் பார்க்க வேண்டும், படித்துறைக் கல் பெயர்ந்தால் இன்னொருவரை. ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள், அவரவர் எல்லையைப் பொறுத்தவரை அது சரியாகவும் இருக்கிறது.

நான் சிறுவனாக இருந்தபோது இது குடிதண்ணீர் ஊருணி. குளிக்க, துவைக்க, மாடு கழுவ எல்லாம் ஊருக்கு வெளியே வேறு ஊருணி. இங்கே ஒரு காவல்காரர் இருப்பார், வடகரை வேப்பமரத்தடியில் அவருக்கு ஒரு கல் உண்டு. கால் கழுவ யாராவது இறங்கினால் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு சத்தம் போடுவார், அவ்வளவுதான், யாராக இருந்தாலும் மேலே ஏறிவிடுவார்கள், பெரிய வீட்டுப் பிள்ளைகள் உட்பட. எங்கள் அம்மா குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து, தேத்தாங்கொட்டையை மண்பானையின் உள்பக்கம் உரசி, ஊற்றி வைப்பார். கலங்கல் எல்லாம் அடியில் தங்கி, காலையில் தண்ணீர் பளிச்சென்று தெளிந்திருக்கும். அந்தக் காவல்காரருக்கு வருடத்தில் ஒரு பெரிய வேலை உண்டு. ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் வரத்துக்கால் முழுக்க நடந்து பார்ப்பார், ஆட்களை வைத்து முள்ளையும் மண்ணையும் அள்ளுவார், முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை உள்ளே விடாமல் மடைக்கல்லைப் போட்டு வெளியே திருப்பிவிடுவார். இரண்டு மூன்று மழைக்கு அப்புறம்தான் கல்லைத் தூக்குவார்.

குழாய்த் தண்ணீர் வந்தது, குடத்துக்கு வேலை போனது, காவல்காரரும் போய்விட்டார். குழாய் வந்ததை நான் குறையாகச் சொல்லவில்லை, அம்மாவின் இடுப்பு பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் மழைத்தண்ணீருக்கு என்று வெட்டிய தெரு வாய்க்காலில் இன்றைக்குக் குளியலறைத் தண்ணீரும் அடுப்படித் தண்ணீரும் ஓடுகிறது, சில வீட்டில் கழிப்பறைத் தொட்டி நிரம்பி வழிவதும் அதில்தான். சோப்புத் தண்ணீரும் சாக்கடையும் சேர்ந்தால் பாசிக்கு உரம் போட்டதுபோல. தண்ணீர் பச்சையாகத் திரியும். பகலில் அந்தப் பாசி பிராணவாயுவை வெளியே விடும், ராத்திரியில் அதுவே இழுத்துக்கொள்ளும், விடியற்காலையில் தண்ணீரில் மூச்சுக்கு வழி இல்லாமல் மீன் செத்து மிதக்கும். போன பங்குனியில் அப்படி மிதந்தபோது யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஊரில் பெரிய சண்டையே வந்தது. விஷம் நம் வீட்டுக் கழிவுநீர்க் குழாய் வழியாகத்தான் போகிறது.

இரண்டு வருடத்துக்கு முன்பு சிங்கப்பூரில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். பொங்கோல் என்கிற பகுதி, கடலோரம் திட்டம் போட்டுக் கட்டிய குடியிருப்பு. அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே 4.2 கிலோமீட்டர் நீளத்துக்கு மனிதர்கள் வெட்டிய நீர்வழி ஒன்று போகிறது, 2011-ல் திறந்தது. இரண்டு பக்கமும் மக்கள் நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள். அவர்களிடம் பணம் இருக்கிறது, நம்மிடம் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் மகள் மாதாமாதம் கட்டுகிற ஒரு ரசீதைக் காட்டினாள். குடியிருப்பின் பொது இடங்களைப் பார்த்துக்கொள்ள நகர மன்றம் என்று ஓர் அமைப்பு, 1988-ல் அதற்குச் சட்டமே போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வீடும் மாதம் ஒரு தொகை கட்ட வேண்டும். அதில் ஒரு பகுதி கூட்டுவதற்கும் விளக்குக்கும் போகும், இன்னொரு பகுதியைச் சட்டப்படி தனி நிதியில் போட்டு வைக்க வேண்டும், பிற்பாடு லிப்ட் மாற்ற, வண்ணம் பூச, கூரை சரிசெய்ய. புதிதாக இருக்கும்போதே பழசாகப் போவதற்குக் காசு சேர்க்கிறார்கள். நீர்நிலையையும் பூங்காவையும் வேறு வாரியங்கள் பார்த்துக்கொள்கின்றன, ஆனால் எது யார் வேலை என்பதில் குழப்பம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. சிங்கப்பூர் ஆற்றைச் சுத்தம் செய்யவே 1977-லிருந்து 1987 வரை பத்து வருடம் எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள். கரைக்குக் கல் பாவுவதற்கு முன்னால் ஆற்றில் விழுகிற அழுக்கை நிறுத்தினார்கள்.

இது நமக்குப் புதிதும் இல்லை. நகரத்தார் கோவில்களுக்குப் புள்ளி வரி வாங்குகிறார்கள், கல்யாணம் ஆன ஒரு ஜோடி ஒரு புள்ளி, உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் கணக்கில் உண்டு. வியாபாரிகள் வியாபாரத்தில் ஒரு பங்கைத் தர்மத்துக்கு மகமை என்று எடுத்து வைத்துத் தண்ணீர்ப் பந்தலும் சத்திரமும் நடத்திய ஊர்கள் இவை. அதையே ஊருணிக்கு என்று, சாதி பார்க்காமல், கரையில் வீடு வைத்திருக்கிற எல்லாரிடமும் ஏன் வாங்கக் கூடாது? எங்கள் ஊருணியைச் சுற்றி நான்கு தெருவிலும் சேர்த்து 140 வீடு. ஐம்பது பூட்டிக் கிடக்கிறது. ஆள் இருக்கிற தொண்ணூறு வீட்டில் மாதம் நூறு ரூபாய் என்றால் ஒன்பதாயிரம், பகுதி நேரமாக ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுத்துவிடலாம். பூட்டிய வீட்டுக்காரர்கள் படைப்புக்கும் பிள்ளையார் நோன்புக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும் கட்டாயம் வருவார்கள், வருடச் சந்தாவாகக் கொடுக்கட்டும். அவர்கள் வீட்டுக் கூரைத் தண்ணீரும் இந்த ஊருணிக்குத்தான் வருகிறது. முடியாதவர்கள் கொடுக்க வேண்டாம், வருடத்தில் ஒரு நாள் மண்வெட்டி பிடித்தால் போதும். கணக்கை மாதாமாதம் படித்துறைச் சுவரில் எழுதிப் போட வேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது, கணக்கு தெரியாத இடத்தில் இரண்டாவது மாதம் யாரும் காசு தரமாட்டார்கள்.

சாக்கடையைத் தனியாகப் பிரிப்பதும் பாலத்தைப் பெரிதாக்குவதும் நூறு ரூபாயில் ஆகிற காரியம் இல்லை. அது அரசாங்கம் செய்ய வேண்டியது. 2024-ல் காரைக்குடி மாநகராட்சி ஆகி, கோட்டையூர், கண்டனூர் எல்லாம் அதோடு சேர்ந்திருக்கிறது. இனி நிறைய ஊருணிகளுக்கு அழகுபடுத்தும் திட்டம் வரும், வரட்டும். ஒவ்வொரு மதிப்பீட்டிலும் பத்து வருடப் பராமரிப்புச் செலவைத் தனியாக எழுதி, பொறுப்பாளர் பதவியையும் போன் நம்பரையும் திறப்பு விழாக் கல்வெட்டிலேயே வெட்டச் சொல்லுங்கள். இடமா இல்லை, பெயர்கள்தான் அவ்வளவு எழுதுகிறோமே. ஊருணியின் அடியில் சிமெண்ட் போடாமலும் இருக்க வேண்டும். இரண்டு ஊர் தள்ளி ஒரு ஊருணியில் போட்டுவிட்டார்கள், சுற்றிலும் கிணறுகள் ஊற்று இல்லாமல் கிடக்கின்றன.

ஐப்பசிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. எங்கள் ஊருணியின் பழைய மடைக்கல் வரத்துக்காலுக்குப் பக்கத்தில் பாதி மண்ணுக்குள் கிடக்கிறது, போன வாரம் போய்ச் சுற்றிலும் தோண்டிப் பார்த்தேன், உடையவில்லை. மேல்பக்கம் கயிறு கட்டுகிற துளைகூட அப்படியே இருக்கிறது. தூக்கி நிறுத்த ஐந்தாறு பேர் போதும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வடகரை வேப்பமரத்தடியில் இருப்பேன், எங்கள் ஊர்க்காரர்கள் இதைப் படித்தால் ஆளுக்கொரு மண்வெட்டியோடு வாருங்கள்.

இப்படிக்கு,
தென்கரைவாசி ஒருவர்,
சிவகங்கை மாவட்டம்.