பெயர் தெரியாத நன்கொடையாளருக்கும், தெரிந்த எல்லோருக்கும்

விசாரித்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட ஆசைதான், ஆனால் கொஞ்ச நேரம் தட்டச்சு செய்தாலே கை அசந்துவிடுகிறது, அதனால் எல்லோருக்குமாக ஒரே மடல். என் ரத்தப் புற்றுநோய் போய்விட்டதா என்று நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில்: கடைசியாகச் செய்த எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையில் புற்றணு தென்படவில்லை. பத்தாயிரம் செல்லில் ஒன்று கெட்டதாக இருந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும் பரிசோதனை அது. முழுசாகக் குணமாகிவிட்டது என்று டாக்டர்கள் இன்னும் சொல்லவில்லை, நானும் அவசரப்பட்டுச் சொல்லப் போவதில்லை.

டி செல், பி செல் இரண்டுமே நோயை எதிர்க்கும் வெள்ளை அணு வகைகள். எனக்கு வந்தது டி செல் வகை ரத்தப் புற்றுநோய். பி செல் வகை என்றால் நோயாளியின் உடம்பிலிருந்தே டி செல்லை எடுத்து, புற்றணுவை அடையாளம் கண்டு பிடிக்கும் ஏற்பியை (கொக்கி மாதிரி ஒரு புரதம்) அதில் பொருத்தி, பெருக்கி, திரும்ப ஏற்றிவிடலாம். எனக்குக் கெட்டுப்போனதே டி செல்தான், வேலியே பயிரை மேய்ந்த கதை. கீமோ கொடுத்துப் போனது மறுபடி வந்தபோது, இனி வேறொருவரின் செல்தான் வேண்டும் என்றார்கள்.

அதனால் முதல் நன்றி உங்களுக்கு, செல் கொடுத்தவரே. நீங்கள் ஆணா பெண்ணா, எந்த ஊர், எதுவும் எனக்குத் தெரியாது, சொல்லவும் மாட்டார்கள். இரண்டு கையிலும் ஊசியோடு சில மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பீர்கள், ரத்தம் ஒரு பக்கம் இயந்திரத்துக்குள் போய் வெள்ளை அணுவை மட்டும் விட்டுவிட்டு மறுபக்கம் திரும்பியிருக்கும், நடுவில் கால்சியம் இறங்கி உதடு மதமதத்திருக்கும், மூக்கு அரித்தால் சொறியக்கூட ஆள் தேவைப்பட்டிருக்கும். நோய் நொடி எதுவும் இல்லாத நீங்கள் இதற்கு ஒத்துக்கொண்டீர்கள். உங்கள் ஒருவரின் செல்லிலிருந்து பலருக்கான டோஸ் தயாரித்து உறைய வைத்திருக்கிறார்கள், அதில் ஒன்று எனக்கு.

அப்புறம், தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு சுத்த அறையில் வேலை செய்தவர்கள். நோயாளியின் முகத்தையே பார்க்காமல் வேலை முடிந்துபோகிற ஆட்கள் நீங்கள். நீங்கள் செய்தது என்ன என்று எனக்குப் புரிய நாளானது, புரிந்ததும் மலைத்துவிட்டேன். அந்நியரின் டி செல் என் உடம்பையே எதிரியாக நினைத்துத் தாக்கும், அதனால் அதன் சொந்த ஏற்பியை வேலை செய்யாமல் ஆக்கினீர்கள். என் புற்றணுவின் மேல் இருக்கும் சிடி7 என்ற குறியைத் தேடிக் கொல்லும்படி அதைத் தயார் செய்ய வேண்டும், ஆனால் அதன் மேலேயே சிடி7 இருக்கிறது, விட்டால் ஒன்றையொன்று கொன்று தீர்த்துவிடும், அதனால் அதையும் எடுத்தீர்கள். என் எதிர்ப்புச் சக்தியை அடக்கக் கொடுக்கும் மருந்து இந்தச் செல்களையும் சேர்த்து அழிக்காமலிருக்க, அந்த மருந்து பற்றிக்கொள்ளும் சிடி52 என்ற குறியை நீக்கினீர்கள். இத்தனையும் டி.என்.ஏ. இழையை இரண்டாக வெட்டாமல், எழுத்தை மட்டும் மாற்றும் பேஸ் எடிட்டிங் முறையில். ஹார்வர்டில் டேவிட் லியுவின் ஆய்வுக்கூடம் இதை 2016-இல்தான் வெளியிட்டது. நான் படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்த பிறகு பிறந்த வித்தை, என்னைக் காப்பாற்ற வந்து நிற்கிறது!

எனக்கு முன்னால் இந்த வகைச் சிகிச்சைக்குப் போனவர்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றி இதைவிடப் பெரியது. லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் 2015-இல் ஒரு வயதுக் குழந்தை லைலாவுக்கு மரபணு திருத்திய நன்கொடைச் செல்லை ஏற்றினார்கள், அதே இடத்தில் 2022-இல் 13 வயது அலிசாவுக்குப் பேஸ் எடிட்டிங் செய்த செல். அலிசாவின் பெயர் உலகத்துக்கே தெரியும். ஆனால் அந்தச் சிகிச்சையைப் பற்றி 2023-இல் வந்த அறிக்கையில் மூன்று நோயாளிகள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரைப் பூஞ்சைத் தொற்று கொண்டுபோய்விட்டது. அவர் பெயர் எனக்குத் தெரியாது. பூஞ்சைத் தடுப்பு மாத்திரையை விழுங்கும்போதெல்லாம் அவரையும் அவர் வீட்டாரையும் நினைத்துக்கொள்கிறேன். ஜெயித்தவர்களுக்கு மட்டும் கைதட்டுவது நியாயமில்லை. பலிக்காமல் போனவர்களிடமிருந்தும்தானே டாக்டர்கள் எச்சரிக்கையைக் கற்றுக்கொண்டார்கள்.

செல் ஏறியது சில நிமிடந்தான், சின்னப் பை, அறை முழுக்கப் பூண்டு வாடை (உறைய வைக்கச் சேர்க்கும் திரவத்தின் வேலை அது). இவ்வளவுதானா என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். சில நாளில் காய்ச்சல் தூக்கிப்போட்டது, ரத்த அழுத்தம் சரிந்தது. செல்கள் வேலையைத் தொடங்கிவிட்டன என்பதற்கு அடையாளம், ஆனால் ஆளையே கொல்லவும் கூடியது. அப்போது ஏற்றிய டோசிலிசுமாப் உண்மையில் மூட்டுவாத மருந்து. 2012-இல் பிலடெல்பியாவில் எமிலி என்ற சிறுமி செல் சிகிச்சைக்குப் பிறகு இதேபோல் உயிருக்குப் போராடியபோது, அந்தச் சிகிச்சையை உருவாக்கிய டாக்டர் கார்ல் ஜூனுக்கு இந்த மருந்து தெரிந்திருந்தது, காரணம் அவருடைய மகளுக்கே மூட்டுவாதம். எமிலி கண் விழித்தது அவளுடைய 7-வது பிறந்தநாளில். அந்தப் பெண்ணுக்கும் அந்த அப்பாவுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

வார்டு நர்ஸ் அக்காவுக்கு, அந்த நோட்டுப் புத்தகத்துக்காக. வேலைக்கு வந்ததும் முதல் காரியமாக என்னிடம் இது எந்த மாதம் என்று கேட்பார், பேனாவையும் கடிகாரத்தையும் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வார், நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைக்கச் சொல்வார், கடைசியில் ஒரு வரி எழுதச் சொல்வார். மூளையைச் சிகிச்சை பாதிக்கிறதா என்று பார்க்கத்தான். நான் வீம்புக்குத் தினமும் ஒரே வரியை எழுதினேன்: "எனக்குப் பசிக்கிறது, யாரும் கவனிப்பதில்லை." ஒரு நாள் பக்கத்தில் "பசி பசி" என்று மட்டும் இருக்கிறது, அதற்குப் பிறகு கீழ்நோக்கி ஒரு கோடு. எழுதியது எனக்கு ஞாபகமே இல்லை. டாக்டர் சுற்று வரும்வரை அவர் காத்திருக்கவில்லை, உடனே கூப்பிட்டு, ஸ்டீராய்டு ஏற்ற வைத்தார். மூன்றாம் நாள் முழு வரியும் திரும்பி வந்தது, குறையும் சேர்ந்து.

தட்டணு (ரத்தம் உறைய உதவும் அணு) கொடுத்த அத்தனை பேருக்கும், நன்கொடையாளர் பதிவேட்டில் பெயர் கொடுத்திருந்து பிறகு, புது ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்லை எனக்குக் கொடுத்தவருக்கும் (அவரும் முகம் தெரியாதவர்தான், என் ராசி அப்படி), இரவெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கிய அத்தைக்கும், ஒவ்வொரு அறிக்கையையும் படித்து எனக்குப் புரிகிற மாதிரி சொன்ன தம்பிக்கும் நன்றி. மூலிகைச் சாறு யோசனை அனுப்பியவர்களுக்கும் நன்றி, அன்பு புரிகிறது, ஆனால் நான் குடிக்கவில்லை.

ஒரே ஒரு விஷயம். நேரில் வருகிறேன் என்று சொல்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். என் எதிர்ப்புச் சக்தி புதிதாக வளர்ந்துகொண்டிருக்கிறது, குழந்தையில் போட்ட தடுப்பூசிகளை எல்லாம் மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். சளி இருமல் இருந்தால் வாசல் பக்கமே வராதீர்கள். போனில் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், மத்தியானம் மட்டும் தூங்கிக்கொண்டிருப்பேன்.