இரண்டு பேருக்கு மாதம் எவ்வளவு ஆகும்?

அன்புள்ள தங்கைக்கு,

மளிகை, காய்கறி எல்லாம் சேர்த்து இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் எவ்வளவு ஒதுக்கினால் சரியாக இருக்கும் என்று கேட்டிருந்தாய். ஒரு தொகையை எழுதிவிட்டால் உனக்கு நிம்மதி, எனக்கும் வேலை மிச்சம். ஆனால் எழுதப்போவதில்லை. காரணம் உன் கடிதத்திலேயே இருக்கிறது. மாதா மாதம் ஒரு தொகையை முடிவு செய்கிறீர்கள், இருபதாம் தேதிக்குள் அது கரைந்துவிடுகிறது, மீதி நாளெல்லாம் யாரால் அதிகமாயிற்று என்ற பேச்சிலேயே கழிகிறது என்கிறாய். அந்தத் தொகையை எப்படி முடிவு செய்தீர்கள்? இவ்வளவுக்குள் முடிந்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்த தொகை அது. ஆசைக்கு பட்ஜெட் என்று பெயர் வைத்துவிட்டு, அது நடக்கவில்லையே என்று இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

வருமானத்தில் இத்தனை சதவீதம் சாப்பாட்டுக்கு என்று ஒரு சூத்திரத்தை யாரோ சொன்னதாகவும் எழுதியிருந்தாய். அதை மறந்துவிடு. 1857ஆம் ஆண்டிலேயே எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர், குடும்பங்களின் வரவு செலவைப் பார்த்து ஒன்றைச் சொல்லிவிட்டார்: வருமானம் குறையக் குறைய, அதில் உணவுக்குப் போகும் பங்கு கூடிக்கொண்டே போகும். சம்பளம் இரண்டு மடங்கானால் யாரும் இரண்டு மடங்கு சாப்பிடுவதில்லை. ஆகவே எல்லோருக்கும் பொருந்தும் சதவீதம் என்று ஒன்று கிடையாது. வருமானம் குறைந்தவர்களுக்கு அது எட்டாது, நிறைந்தவர்களுக்கு அது மிஞ்சும்.

அடுத்த மூன்று மாதம் எதையும் குறைக்காதே. வாங்குவதை வழக்கம்போல் வாங்கி, பில்களை மட்டும் சேர்த்து வை. இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. உடனே சிக்கனத்தைத் தொடங்க வேண்டும், அப்போதுதான் ஏதோ செய்தது போல் இருக்கும். ஆனால் இப்போது எவ்வளவு ஆகிறது என்று தெரியாமல் எதிலிருந்து குறைப்பாய்? ஒரு மாதத்துக் கணக்கும் போதாது. அந்த மாதம் ஊருக்குப் போயிருப்பீர்கள், அல்லது விருந்தாளிகள் வந்து தங்கியிருப்பார்கள். மூன்று மாதத்தைக் கூட்டி மூன்றால் வகுத்தால் கிடைப்பதுதான் உங்கள் வீட்டின் உண்மைத் தொகை. முதல்முறை பார்க்கும்போது கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கும்.

பில்லைக் கூட்டுவதற்கு முன் அதை வரி வரியாகப் படி. சர்க்கரைக்கும் எண்ணெய்க்கும் நடுவே பாத்திரம் துலக்கும் சோப்பு இருக்கும். அதற்குக் கீழே துணிப் பவுடர், ஷாம்பு, குப்பைப் பை, சுவர்க் கடிகாரத்துக்கு ஒரு பேட்டரி, தள்ளுபடியில் கிடைத்ததென்று மாப்பிள்ளை தூக்கிப் போட்ட பிளாஸ்டிக் டப்பா. இவற்றில் எதையும் யாரும் சாப்பிடப்போவதில்லை. ஆனால் மாதக் கடைசியில் எல்லாம் "சாப்பாட்டுச் செலவு" என்ற கணக்கில்தான் ஏறுகின்றன. ஒரு பேனாவை எடுத்து, சாப்பிடுவதற்கு ஒரு கோடு, மற்றதற்கு ஒரு சுழி என்று போட்டுக்கொண்டே வா. சோப்பும் பவுடரும் வேண்டியவைதான், அவற்றுக்கும் பணம் ஒதுக்கத்தான் வேண்டும். ஆனால் தனியாக ஒதுக்கு. இல்லாவிட்டால் துணிப் பவுடர் வாங்கிய மாதத்தில் சாப்பாட்டுச் செலவு ஏறிவிட்டதென்று பழத்தைக் குறைத்துக்கொண்டிருப்பாய்.

வெளியில் சாப்பிடுவதையும் அதே தாளில், ஆனால் வேறு பத்தியில் எழுது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். இவை காற்றடைத்த பலூன் மாதிரி. மளிகையை ஒரு பக்கம் அழுத்தினால் ஓட்டல் பில் மறுபக்கம் புடைத்துக்கொண்டு வரும். இந்த மாதம் மளிகையில் இவ்வளவு மிச்சம் என்று பெருமைப்படுபவர்களைப் பார்த்தால், அலுவலகத்தில் வாங்கிய மதியச் சாப்பாட்டுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றும். நாகரிகம் கருதிக் கேட்பதில்லை.

அடுத்தது நாள்காட்டி. வாரா வாரம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வாரச் செலவை நான்கால் பெருக்கி மாதத் தொகை என்கிறார்கள். ஆண்டுக்கு 52 வாரம். அதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 4.33 வாரம். வாரத்துக்கு 100 பங்கு ஆகிற வீட்டில் மாதத்துக்கு 433 வேண்டும். நீங்கள் ஒதுக்குவது 400. நீ சனிக்கிழமை வாங்குகிறாய் என்றால், ஆண்டில் குறைந்தது நான்கு மாதங்களில் ஐந்து சனிக்கிழமைகள் வரும். அந்த மாதங்களில் பணம் பற்றாமல் போவதற்கு ஊதாரித்தனம் காரணமே இல்லை. உங்கள் சண்டைகளில் எத்தனை இந்த ஐந்தாவது சனிக்கிழமையில் வந்தவை என்று நாள்காட்டியை எடுத்துப் பார், சிரிப்பு வந்தாலும் வரும்.

அம்மா வீட்டில் நான்கு பேருக்கு ஆனதில் பாதிதானே நமக்கு ஆக வேண்டும் என்று கேட்டிருந்தாயே, அப்படி ஆகாது. சிறிய வீட்டில் தலைக்கு ஆகும் செலவு எப்போதும் கொஞ்சம் கூடுதல்தான். அமெரிக்க வேளாண் துறை, எல்லா வேளையும் வீட்டிலேயே சாப்பிட்டால் எவ்வளவு ஆகும் என்று சிக்கனம் முதல் தாராளம் வரை நான்கு நிலைகளில் கணக்கிட்டு வெளியிடுகிறது. அதில் ஒருவருக்கென்று கொடுத்திருக்கும் தொகை, நான்கு பேர் குடும்பத்தில் இருப்பவருக்கானது. இரண்டு பேர் மட்டுமுள்ள வீடானால் அதோடு 10 சதவீதம் கூட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள், தனியாள் என்றால் 20 சதவீதம். நான்கு பேருக்கு 100 ஆனால் இருவருக்கு 50 ஆகாது, ஏறக்குறைய 55 ஆகும். பெரிய பாக்கெட் வாங்கினால் கெட்டுப்போகிறது, சின்னது வாங்கினால் கிலோவுக்கு விலை கூடுகிறது, இரண்டு பேருக்கென்று அளந்து சமைத்தாலும் ஒரு கரண்டி மிஞ்சுகிறது. அந்த ஐந்தைக் கணக்கில் சேர்க்காமல் அம்மாவோடு உன்னை ஒப்பிட்டுக்கொண்டு வருந்தாதே.

மாதக் கணக்கைக் குழப்புவது இன்னொன்றும் உண்டு. ஐந்து லிட்டர் எண்ணெய் டின் மூன்று மாதம் வரும். வாங்கிய மாதத்தில் முழு விலையும் ஏறும், அடுத்த இரண்டு மாதம் ஒன்றும் இராது. "போன மாதம் இவ்வளவில் முடிந்ததே" என்று மாப்பிள்ளை சொல்வது பெரும்பாலும் அப்படிப்பட்ட மாதத்தைப் பார்த்துத்தான். நாள்படத் தாங்கும் பொருள்களுக்கென்று மாதா மாதம் ஒரு சிறு தொகையைத் தனியாகப் போட்டு வா. டின் தீரும்போது பணம் தயாராக இருக்கும்.

இவ்வளவும் ஆன பிறகு குறைப்பதற்கு வரலாம். குறைக்க வேண்டுமா என்பதையே அப்போது யோசி. சில வீடுகளில் அளந்து பார்த்தால் செலவு நியாயமாகவே இருக்கிறது, பணம் வேறெங்கோ போகிறது. குறைக்கத்தான் வேண்டுமென்றால் முதல் மாதம் 5 சதவீதத்துக்கு மேல் கை வைக்காதே. பாதியாகக் குறைக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் இரண்டாம் வாரத்திலேயே களைத்துப்போய் வெளியில் சாப்பிடப் போய்விடுகிறார்கள்.

எங்கே குறைப்பது? வாங்குவதைக் குறைப்பதற்கு முன்னால் எறிவதைக் குறை. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. ஆளுக்கு ஆண்டுக்கு 79 கிலோ. இரண்டு பேருக்கு என்று பார்த்தால் மாதம் 13 கிலோவுக்கு மேல் வருகிறது. தோல், எலும்பு, கொட்டை என்று தின்ன முடியாதவையும் அதில் அடக்கம்தான். இருந்தாலும் உன் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டை ஒருமுறை இழுத்துப் பார். பை ஓரத்தில் நீர் கோத்துக் கறுத்துப்போன கீரை, வெட்டிய பாதி காய்ந்து மடங்கிய எலுமிச்சை, எப்போது மூடி வைத்தோம் என்று இருவருக்கும் நினைவில்லாத கிண்ணம். அவற்றின் விலையை ஒரு தாளில் எழுதிக் கூட்டினாலே 5 சதவீதத்தில் பெரும்பகுதி அங்கேயே கிடைத்துவிடும். கடைக்குப் போகும் முன் அந்தத் தட்டைப் பார்த்துவிட்டுப் பட்டியல் எழுது. ஃபிரிட்ஜின் குளிர் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள். பாக்கெட்டில் தேதி தாண்டிவிட்டதென்று உடனே தூக்கி எறியாதே. எந்தத் தேதிவரை தரம் சிறப்பாக இருக்கும் என்று சொல்வது ஒரு வகை, எந்தத் தேதிக்குப் பிறகு உண்ணக்கூடாது என்று எச்சரிப்பது இன்னொரு வகை. இரண்டாவதை மட்டும் மீறாதே.

விலையைப் பார்க்கும்போது கிலோவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார். பெரிய பாக்கெட்தான் மலிவு என்பது எப்போதும் உண்மையில்லை. விலையை ஏற்றாமல் எடையைக் குறைக்கும் வித்தையும் நடக்கிறது. 500 கிராம் இருந்த பாக்கெட்டில் அதே விலைக்கு 450 கிராம் வந்தால், விலை 11 சதவீதம் ஏறியதாக அர்த்தம். பில்லில் அது தெரியாது. பொருள் சீக்கிரம் தீர்ந்துபோகும், நீங்கள் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்ப்பீர்கள்.

இனி உங்கள் இருவர் சங்கதி. கடைக்கு அவர் போனால் செலவு கூடுகிறது என்று எழுதியிருந்தாய். கூடட்டும். அவர் வாங்கும் நொறுக்குத்தீனி ஒரு வரி, நீ வாங்கும் விலை உயர்ந்த காபித்தூள் ஒரு வரி (அதை நீ எழுதாமல் விட்டாலும் எனக்குத் தெரியும்). பொதுத் தொகையிலிருந்து ஆளுக்கு ஒரு சிறு பங்கைப் பிரித்துவிடுங்கள். அதில் யார் என்ன வாங்கினாலும் மற்றவர் வாய் திறக்கக்கூடாது. கொஞ்சம் பணம் கூடுதலாகப் போனாலும் போகட்டும், ஒவ்வொரு பிஸ்கட் பாக்கெட்டுக்கும் விளக்கம் சொல்லவேண்டிய வீட்டில் யாராலும் இருக்க முடியாது. பொதுச் செலவை இருவரும் சரிபாதியாகப் போட வேண்டுமா என்றும் கேட்டாய். சம்பளம் ஏறக்குறைய ஒன்றென்றால் பாதிப் பாதி சரி. ஒருவருக்கு 60, மற்றவருக்கு 40 என்றால் செலவையும் அதே கணக்கில் போடுவதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. அவர் அதிகம் சாப்பிடுகிறாரே என்ற வாதத்தை மட்டும் எடுத்துவிடாதே, அதற்கு முடிவே கிடையாது.

விலைவாசி ஏறும், அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்தத் தொகையை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். நிலையாக நிற்காது.

செயலியா நோட்டுப்புத்தகமா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. எதுவானாலும் சரி, ஆனால் இருவர் கண்ணிலும் படுகிற இடத்தில் இருக்க வேண்டும். உன் கைபேசிக்குள் மட்டும் இருக்கும் கணக்கு உன் கணக்காகிவிடும், அவர் அதைக் கேள்வி கேட்பவராகிவிடுவார். எனக்கு நோட்டுப்புத்தகம்தான் பிடிக்கும், சமையலறையில் ஒரு ஆணியில் தொங்கவிட்டால் போதும். மூன்று மாதத்துப் பில்களையும் கோடும் சுழியும் போட்டு அனுப்பு. உட்கார்ந்து கூட்டிவிட்டு, நீ கேட்ட தொகையைச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா