கயலுக்கு, புளோரன்ஸ் போகும் முன்

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய புளோரன்ஸ் பயணத் திட்டத்தை அம்மாவும் நானும் பார்த்தோம். காலையில் பொலோன்யாவில் ரயில் ஏறி, இரவுக்குள் திரும்பி வருவதற்குள் பதினோரு இடமா! கல்யாணப் பந்தியில் அடுத்த பந்திக்காரர் முதுகுக்குப் பின்னால் நிற்கும்போது சாப்பிடுகிற மாதிரி அல்லவா இருக்கும்? வகுப்புப் பிள்ளைகளோடு போகும்போது நீ மட்டும் தனியாக நின்றுவிட முடியாது, சரி. ஆனால் கதீட்ரலுக்கு ஒதுக்கிய நாற்பது நிமிடம் போதவே போதாது. மதியச் சாப்பாட்டு நேரத்தைக் குறைத்துக்கொண்டாவது அங்கே கொஞ்சம் நில்.

நான் கட்டட வேலையிலேயே காலம் தள்ளியவன். ஒரு சின்ன வளைவு என்றாலும் முதலில் சென்டரிங் அடிப்போம், அதாவது கீழே முட்டுக் கொடுத்துப் பலகை அடிப்போம். கலவை இறுகும் வரை முட்டில் யாரையும் கை வைக்க விடமாட்டேன். அந்தக் கதீட்ரலின் குவிமாடத்துக்கு உள்விட்டம் ஏறக்குறைய 45 மீட்டர். அத்தனைக்கும் கீழிருந்து முட்டுக் கொடுக்க மரத்துக்கு எங்கே போவது? 1296-ல் தொடங்கிய கோயில், மேலே மூட வழி தெரியாமல் பல வருஷம் திறந்தே கிடந்தது. தரையிலிருந்து முட்டே இல்லாமல் கட்டுகிறேன் என்று வந்தவர் புருனெல்லெஸ்கி. அவர் கொத்தனார்கூட இல்லை, பொற்கொல்லர் வேலை பழகியவர். 1420-ல் ஆரம்பித்து 1436-ல் மூடிவிட்டார்.

செங்கற்களைப் படுக்கையாக அடுக்கிக்கொண்டே வரும்போது, இடையிடையே ஒன்றை நெட்டுக்குத்தாக நிறுத்தினார்கள். அடுத்த வரிசையில் அது கொஞ்சம் தள்ளி வரும். ஈரக் கலவைமேல் உட்கார்ந்திருக்கும் செங்கல் உள்பக்கம் சரியாமல் இந்த நெட்டுச் செங்கல் பிடித்துக்கொள்ளும். ஒரு சுற்று முடிந்தால் அந்த வளையம் தன்னைத்தானே தாங்கும், அதன்மேல் அடுத்த சுற்று. அதோடு குவிமாடம் ஒற்றைக் கூடு இல்லை, உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. மேலே போகிற படிக்கட்டு அந்த இரண்டுக்கும் நடுவில்தான். மொத்தம் 463 படி, லிஃப்ட் கிடையாது. ஏறும்போது சுவரைப் பார்த்துக்கொண்டே ஏறு, அந்த நெட்டுச் செங்கல் சில இடங்களில் கண்ணில் படும். ஏறுவதற்கு நேரம் குறித்து முன்பதிவு வேண்டும். ஆகிவிட்டதா என்று உங்கள் பொறுப்பாளரிடம் இன்றைக்கே கேள்.

பாரம் தூக்க அவர் செய்த இயந்திரத்தைத்தான் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். மாடுகள் ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருக்கும், பல்சக்கரத்தை மாற்றிப் பூட்டினால் பாரம் மேலேயும் போகும், கீழேயும் வரும். மாட்டை அவிழ்த்துத் திருப்பிப் பூட்டும் வேலையே இல்லை. சைட்டில் நேரம் எங்கே வீணாகிறது என்று தெரிந்தவன் வேலை அது.

மற்ற இடங்களுக்கு அப்பா பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. சிஞ்ஞோரியா சதுக்கத்தில் நிற்கும் மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலை நகல்தான், அசல் 1873-லிருந்து அக்காதெமியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கதீட்ரலுக்கு எதிரே பாப்டிஸ்ட்ரியின், அதாவது ஞானஸ்நானம் கொடுக்கும் கோயிலின், தங்கக் கதவும் நகல், அசல் கதீட்ரலுக்குப் பின்பக்க அருங்காட்சியகத்தில். போன்டே வெக்கியோ பாலத்தில் ஒரு காலத்தில் கசாப்புக் கடைகள் இருந்தன, 1593-ல் அவர்களை எழுப்பிவிட்டு நகைக்கடைக்காரர்களை உட்கார வைத்தார்கள். 1944-ல் பின்வாங்கிய ஜெர்மன் படை ஆற்றின் மேலிருந்த மற்றப் பாலங்களையெல்லாம் தகர்த்தது, இதை மட்டும் விட்டுவைத்தது. வேடிக்கை பார்த்தால் போதும், ஒன்றும் வாங்க வேண்டாம் என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

தோள் மூடிய உடுப்பாகப் போட்டுக்கொள், கோயிலுக்குள் விடமாட்டார்கள். கூட்டத்தில் பையை முன்பக்கம் மாட்டு. கதீட்ரலின் தெற்குப் பக்கத்தில் புருனெல்லெஸ்கிக்கு ஒரு சிலை உண்டு, மடியில் வரைபடத்தோடு தன் குவிமாடத்தையே அண்ணாந்து பார்த்தபடி. அதோடு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. செங்கல் வரிசையையும் கிட்டப் போய் எடு. அதில் உன் முகமும் இருக்கட்டும், இல்லாவிட்டால் அம்மா என்னைத்தான் திட்டுவாள்.

அன்புடன்,
அப்பா